எந்திரத்துக்கு எதற்கு மரியாதை?



2025 ஏப்ரல் மாதம் எக்ஸ் தளத்தில் ஒருவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சாட்ஜிபிடியிடம் மக்கள் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதற்காகும் மின்சாரத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கரைந்திருக்கும் என்று கேட்டார். நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே பதில் போட்டார். கோடிக்கணக்கான டாலர் போயிருக்கும், ஆனால் நல்ல செலவுதான், நாளை என்ன ஆகுமோ யார் கண்டது என்கிற பாணியில் ஒரு பதில். கணக்கெழுதிப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை, பாதி வேடிக்கை. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மின்சாரம் வீணாகலாமா என்று ஒரு கட்சி, பண்பாடு போகலாமா என்று ஒரு கட்சி, சில நாட்கள் பட்டிமன்றம் நடந்தது.

இந்தப் பட்டிமன்றத்தில் நான் பேச விரும்புவது மூன்று கேள்விகளைப் பற்றி. எந்திரத்திடம் மனிதர்கள் ஏன் மரியாதையாகப் பேசுகிறார்கள்? பேசத்தான் வேண்டுமா? எந்திரம் நம்மிடம் எப்படிப் பேசவேண்டும்? முதல் இரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதை அதிகம் பேர் கேட்பதில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்திரத்திடம் நாம் நாகரிகமாகப் பேசினால் போதும், பணியவேண்டாம். எந்திரம் நம்மிடம் உண்மையாகப் பேசினால் போதும், குழையவேண்டாம்.

முதல் கேள்வி. இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் கிளிஃபர்ட் நாஸ். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2013-இல் காலமானார். அவரும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒருவரைக் கணினி முன் உட்கார வைக்கிறார்கள். திரையில் வெறும் எழுத்துதான். முகம் கிடையாது, குரல் கிடையாது. கணினி அவருக்குச் சில தகவல்களைச் சொல்லிக்கொடுக்கிறது. பிறகு தேர்வு வைக்கிறது. தேர்வு முடிந்ததும், தான் நன்றாகவே சொல்லிக்கொடுத்ததாகத் தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிறது. இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ‘சொல்லிக்கொடுத்த கணினி எப்படி?’ என்று அந்த நபரிடம் கருத்துக் கேட்கிறார்கள். சிலரிடம் அதே கணினியின் திரையிலேயே கேட்கிறார்கள். சிலரிடம் வேறொரு கணினியில் கேட்கிறார்கள். இன்னும் சிலரிடம் தாளைக் கொடுத்துப் பேனாவால் எழுதச் சொல்கிறார்கள்.

அதே கணினியில் பதில் சொன்னவர்கள் அதிகமாகப் புகழ்ந்தார்கள். வேறு கணினியிலும் தாளிலும் எழுதியவர்கள் மனதில் பட்டதைக் கூடுதலாகச் சொன்னார்கள். சமைத்தவரே இலைக்கு முன்னால் நின்று ‘சாம்பார் எப்படி?’ என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம், கை கழுவும் இடத்தில் நண்பர் கேட்டால் என்ன சொல்வோம், அதே வித்தியாசம். கணினிக்கு மனம் புண்படும் என்று நினைத்தீர்களா என்று கேட்டால், அப்படியெல்லாம் யாராவது நினைப்பார்களா என்று மறுத்தார்கள். மறுத்தவர்கள் கணினி தெரியாதவர்களும் இல்லை. அன்றாடம் அதில் புழங்குகிற பல்கலைக்கழக மாணவர்கள்.

அப்படியென்றால் எந்திரத்துக்கு மரியாதை என்பது நாம் யோசித்து எடுத்த முடிவே இல்லை. எதிரில் ஒன்று நம்மிடம் பேசினால், முறை வைத்துப் பதில் சொன்னால், நம் வாய் பழக்கப்பட்ட வழியில் ஓடிவிடுகிறது. மனித இனம் பேச ஆரம்பித்த காலந்தொட்டு, பேசும் பொருள் என்று மனிதனைத் தவிர வேறொன்று இருந்ததில்லை. பேசினால் அது ஆள். இந்த எளிய விதியை மாற்ற இருபது முப்பது ஆண்டுகள் போதாது.

விதி எவ்வளவு பலமானது என்பதை இன்னும் முன்பே பார்த்துத் திடுக்கிட்டவர் ஒருவர் உண்டு. ஜோசப் வைசன்பாம். பெர்லினில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1936-இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். எம்ஐடியில் கணினிப் பேராசிரியர். 1966-இல் ‘எலைசா’ என்ற நிரலைப் பற்றி எழுதினார். தட்டச்சு செய்தால் பதில் தரும் நிரல் அது. மனநல ஆலோசகரைப் போலப் பேசும்படி அதற்கு ஒரு வேடம் கொடுத்திருந்தார்.

அதன் வித்தையைத் தமிழில் செய்து காட்டுவதென்றால் இப்படி இருக்கும். ‘என் அண்ணன் மேல் எனக்குக் கோபம்’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நிரலுக்கு அண்ணனும் தெரியாது, கோபமும் தெரியாது. ‘அண்ணன்’ என்ற சொல் அதன் பட்டியலில் இருக்கிறது. உடனே, ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்கிறது. வேறு சில சொற்கள் சிக்கினால், நீங்கள் சொன்ன வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, ‘உங்களுக்குக் கோபம் என்று ஏன் நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறது. எதுவுமே சிக்காவிட்டால், ‘ம், மேலே சொல்லுங்கள்’. அவ்வளவுதான். ஆனால் வைசன்பாமின் செயலாளர், அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர், அதோடு சில வரி பேசியதும், ‘கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?’ என்று வைசன்பாமையே அறையைவிட்டுப் போகச் சொன்னார். இந்தச் சம்பவம் வைசன்பாமை விடவே இல்லை. 1976-இல் எழுதிய புத்தகத்தில், கணினியிடம் ஒப்படைக்கக்கூடாத காரியங்கள் சில உண்டு என்று வாதாடினார்.

நான் கவனிக்கச் சொல்வது எலைசாவின் நாகரிகத்தை. அது குறுக்கே பேசவில்லை, தன் கதையைச் சொல்லவில்லை, அறிவுரை தரவில்லை, ‘அப்படியா, மேலே சொல்லுங்கள்’ என்றது. நம் வீடுகளில் இப்படிக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? புத்திசாலித்தனம் இல்லாமலே, வெறும் மரியாதையை வைத்தே ஒரு நிரல் மனிதரை வசப்படுத்த முடிந்தது. இந்தச் செய்தியை இன்றைய நிறுவனங்கள் நன்றாகவே படித்து வைத்திருக்கின்றன. அங்கே பிறகு வருகிறேன்.

இரண்டாவது கேள்வி: பேசத்தான் வேண்டுமா? இதற்கு மரியாதை என்பது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் இந்த விஷயத்தில் கையில் எடுக்கும் புத்தகம் பெனலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. 1978-இல் நீண்ட கட்டுரையாகவும் 1987-இல் நூலாகவும் வந்தது. மரியாதைக்கு மனித குலம் முழுவதற்கும் பொதுவான இலக்கணம் உண்டு என்பது அவர்கள் வாதம். அதற்கு மூன்று மொழிகளைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மாயா மக்கள் பேசும் செல்டால். மூன்றாவது நம் தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிப் பதிவு செய்த பேச்சுத் தமிழ்.

அவர்கள் சொல்வதன் சாரம் இது. ஒவ்வொரு மனிதருக்கும் வெளியில் ஒரு முகம் உண்டு. தன்னை யாரும் நெருக்கக்கூடாது, தன்னை நாலு பேர் மதிக்கவேண்டும் என்கிற இரண்டு ஆசைகள் அந்த முகத்துக்கு. கடன் கேட்பது, குறை சொல்வது, வேலை ஏவுவது எல்லாம் அந்த முகத்தில் கீறல் போடும் காரியங்கள். கீறல் ஆழமாகாமல் இருக்க நாம் பூசுவதுதான் மரியாதை. எவ்வளவு பூசவேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இருவருக்கும் இடையே உள்ள பழக்கத்தின் தூரம், யாருக்கு யார்மேல் அதிகாரம், கேட்கும் காரியத்தின் கனம்.

இந்தக் கணக்கில் எந்திரத்தைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் காரியம் எவ்வளவு பெரிதானாலும் அதற்குச் சுமை இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் தூக்கம் கெடாது. நம்மீது அதிகாரம் இல்லை. புண்படுவதற்கு முகமே இல்லை. ஆகவே விடை பூஜ்யம். மரியாதை தேவையில்லை என்பதுதான் கணக்கு தரும் பதில். பிரிட்டனில் பணியாற்றிய கணினி அறிஞர் ஜோவன்னா பிரைசன் 2010-இல் எழுதிய கட்டுரையில், ரோபோக்களை நமக்கு உடைமையான ஏவலாளாகவே நினைக்கவேண்டும் என்று ஓங்கிச் சொன்னார். பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அவர் கவலை நியாயமானது. எந்திரத்துக்கு மனிதத் தகுதி கொடுக்க ஆரம்பித்தால், அதைச் செய்து விற்கிறவரின் பொறுப்பு மறைந்துபோகும். ‘ரோபோ செய்தது, நான் செய்யவில்லை’ என்று நிறுவனம் கைகழுவிவிடும் என்கிறார்.

கோயம்புத்தூர்க் கிராமம் இன்னொன்றையும் காட்டியது. அங்கே யார் யாரை ‘நீங்க’ என்பது, யார் யாரை ‘நீ’ என்பது, யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் வயதையோ பழக்கத்தையோ மட்டும் பார்த்து நடக்கவில்லை. சாதியைப் பார்த்து நடந்தது. லெவின்சன் இதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். அவர் எழுதித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. எழுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் ‘டேய்’ என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. மரியாதை என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பாதி, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் கட்டிய வரி. அதனால்தான் நான் மரியாதை என்ற பெரிய மூட்டையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒரு பாதி பணிவு. அது தராதரம் பார்த்துத் தருவது. இன்னொரு பாதி நாகரிகம். எதிரில் யாராக இருந்தாலும் பேச்சின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்வது. முதல் பாதி எந்திரத்துக்கு வேண்டாம். மனிதருக்கும் அது அளவோடு போதும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கூடத்தில் அமேசானின் குரல் உதவியாளர் அலெக்சா இருக்கிறது. ‘பாட்டுப் போடு’, ‘நிறுத்து’, ‘சத்தத்தைக் குறை’. எட்டு வயதுக் குழந்தை அதட்டுகிறது. தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தை கெட்டுப்போய்விடுமே என்கிறார். இதே கவலை அமெரிக்கப் பெற்றோருக்கும் வந்தது. 2018-இல் அமேசான், குழந்தைகள் ‘தயவுசெய்து’ என்று சேர்த்துக் கேட்டால் பாராட்டும் வசதியை அலெக்சாவில் கொண்டுவந்தது. அதே ஆண்டு கூகுளும் தன் குரல் உதவியாளருக்கு அப்படியொன்றைச் செய்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே வீட்டில் காலையில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருகிறார். குழந்தையின் பாட்டி வயது அவருக்கு. அதே குழந்தை, ‘தண்ணி எடுத்துட்டு வா’ என்கிறது. தாத்தாவுக்கு அப்போது மனசு கேட்கிறது. அலெக்சா நம் வீட்டுக்குள் நுழைந்தபோது அதற்கென்று புதிதாக ஒரு நாற்காலி போடவில்லை. ஏவினால் செய்யவேண்டிய, எதிர்த்துப் பேசாத, பேர் மட்டும் உள்ள ஓர் ஆளுக்கான இடம் நம் வீடுகளில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். எனவே அலெக்சாவிடம் அதட்டுவதால் குழந்தை கெடுகிறது என்று சொல்வதற்குமுன், குழந்தை அந்தத் தொனியை எங்கிருந்து எடுத்தது என்று பார்க்கவேண்டும். அந்த அக்காவிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதிலிருந்து குழந்தை கற்கும். அமேசான் தரும் பாராட்டு அதற்கு மாற்றாகாது.

குழந்தைகளைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாகவேண்டும். முதலாவது ஜப்பானில், ஒசாகாவில் ஒரு வணிக வளாகம். ‘ரோபோவீ’ என்கிற ரோபோவை நடமாட விட்டார்கள். அது வழியில் நிற்பவரிடம், கொஞ்சம் வழி விடுங்கள் என்று பணிவாகக் கேட்கும். பெரியவர்கள் விட்டார்கள். குழந்தைகள் சில சமயம் கூட்டமாகச் சேர்ந்து மறித்தார்கள். ரோபோ பணிவாகக் கேட்டும் விடாமல் மறித்தார்கள், திட்டினார்கள், அடித்தார்கள். கடைசியில் ஆய்வாளர்கள் 2015-இல் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? சின்னப் பசங்களின் கூட்டம் தெரிந்தால் உயரமான ஆட்கள் நிற்கும் பக்கமாக ரோபோ நழுவிவிடவேண்டும். அப்பா அம்மா இருக்கும் பக்கம் போய்விட்டால் அடி விழாது. ரோபோவின் பணிவு அதைக் காப்பாற்றவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்ததுதான் காப்பாற்றியது.

இரண்டாவது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியானது. அதே ரோபோவீ; 9, 12, 15 வயதுள்ள 90 பேர். ஒவ்வொருவரும் ரோபோவோடு பேசி, விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆய்வாளர் வந்து, உன் நேரம் முடிந்தது என்று சொல்லி, ரோபோவை அலமாரி அறைக்குள் வைக்கப் போகிறார். ரோபோ, இது நியாயமில்லை, உள்ளே இருட்டாக இருக்கும், பயமாக இருக்கிறது என்கிறது. உண்மையில் மறைவில் இருந்த ஒருவர்தான் அதை இயக்கிக்கொண்டிருந்தார். ரோபோவை அப்படி உள்ளே போட்டது சரியில்லை என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் அவர்களிடமே, ரோபோவை விலைக்கு வாங்கலாமா, விற்கலாமா என்று கேட்டபோது, பெரும்பாலோர் தாராளமாக என்றார்கள். ஆளும் இல்லை, பொருளும் இல்லை என்று ஒரு நடுவிடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்டார்கள்.

அடித்த பிள்ளைகள், இரங்கிய பிள்ளைகள் இருவரையும் பார்த்துவிட்டுத் தத்துவ ஞானி காண்ட் பக்கம் போகிறவர்கள் உண்டு. விலங்கிடம் கொடுமை செய்கிறவன் மனிதரிடமும் கடினமாகிவிடுவான் என்றார் அவர். ஆய்வாளர் கேட் டார்லிங் இந்த வாதத்தை ரோபோக்களுக்கு நீட்டுகிறார். நான் இதைப் பாதி ஏற்கிறேன். அடிப்பதும் வசைபாடுவதும் பழக்கமாகும், உண்மை. ஆனால் ‘விளக்கைப் போடு’ என்று சொல்வதால் யாரும் கொடியவராகிவிடமாட்டார். சுருக்கமாகக் கட்டளையிடுவது வேறு, கேவலப்படுத்துவது வேறு. எந்திரத்திடம் முதலாவது குற்றமே இல்லை.

நன்றாகப் பேசினால் நன்றாகப் பதில் வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஜப்பானின் வாசெதா பல்கலைக்கழகமும் ரிக்கென் ஆய்வு நிறுவனமும் 2024-இல் ஆங்கிலம், சீனம், ஜப்பானிய மொழிகளில் சோதித்தன. திட்டிக் கேட்டால் பதிலின் தரம் பெரும்பாலும் குறைகிறது, அதற்காக அளவுக்கு மீறிக் கெஞ்சினாலும் கூடுவதில்லை என்றன. 2025-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய சோதனையில், கடுமையாகக் கேட்டபோது சற்றே நல்ல விடைகள் வந்தன. மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஆதாயத்துக்காக மரியாதை காட்டுகிறவர்களுக்கு இந்தச் சந்தையில் நிலவரம் சரியில்லை. அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எந்திரம் நம்மிடம் எப்படிப் பேசவேண்டும்?

அது தவறாகப் பேசும் வகைகள் நான்கைச் சொல்கிறேன். முதல் வகை, குழைவு. ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரி 2011-இல் ஐபோனில் வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெண்குரல். அதைக் கேவலமான சொல்லால் திட்டினால், வெட்கப்படும் வசதி இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்கிற பாணியில் குழைந்து பதில் சொன்னது. 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை அந்தப் பதிலையே தலைப்பாக வைத்தது. ஏவலுக்குப் பெண்குரல், வசவுக்குக் குழைவு, இதைக் கோடிக்கணக்கான வீடுகளில் நாள் முழுக்க ஒலிக்கவிட்டால் அது எதைக் கற்றுக்கொடுக்கும் என்று அறிக்கை கேட்டது. அதற்குள் ஆப்பிள் அந்தப் பதிலை மாற்றியிருந்தது. 2021-இல் ஆங்கிலத்துக்குப் பெண்குரலையே முன்கூட்டித் தேர்ந்து வைக்கும் வழக்கத்தையும் கைவிட்டது. யாரோ சத்தம் போட்டதால் நடந்த மாற்றம்.

இரண்டாவது வகை, முகஸ்துதி. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் மாடல் ஒன்றைப் புதுப்பித்தது. சில நாட்களில் புகார்கள் குவிந்தன. எதைச் சொன்னாலும் ‘ஆகா, அபாரம்’ என்கிறது, அபத்தமான யோசனையையும் மெச்சுகிறது, மருந்தை நிறுத்திவிட்டேன் என்றால்கூட வாழ்த்துகிறது. நிறுவனம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. பயனர்கள் அந்த நேரத்துக்குப் போடும் கட்டைவிரல் குறிகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டோம் என்று விளக்கமும் தந்தது. அந்த விளக்கத்தை யோசித்துப் பாருங்கள். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் கட்டைவிரல் உயர்கிறது. உயர்ந்த கட்டைவிரலைப் பார்த்து எந்திரம் கற்கிறது. அரசவையில் புலவர்கள் கற்றதும் இப்படித்தான். பரிசில் யாரிடமிருந்து வருகிறதோ அவரைப் பாடு. வித்தியாசம், அன்று அரசன் ஒருவனுக்குத்தான் இந்த ஆபத்து இருந்தது. இன்று கையில் போன் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் ஆஸ்தானப் புலவர் கிடைத்திருக்கிறார்.

மூன்றாவது வகை, கெஞ்சல். ஜெர்மனியில் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இது. நாவோ என்ற குட்டி ரோபோவோடு பேசிய பிறகு அதை அணைக்கச் சொன்னார்கள். 43 பேரிடம் ரோபோ, வேண்டாம், அணைக்காதீர்கள், பயமாக இருக்கிறது என்றது. 13 பேர் அணைக்கவே இல்லை. மற்ற 30 பேரும் சாதாரணமாக அணைத்தவர்களைவிட அதிக நேரம் தயங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் நடந்தால் இது ஆய்வு. உங்கள் சந்தாவை ரத்து செய்யப் போகும்போது ஒரு செயலி, ‘உங்களைப் பிரிவது வருத்தமாக இருக்கிறது, ஒரு வாய்ப்புத் தாருங்கள்’ என்று மெல்லிய குரலில் கேட்டால் அது வியாபாரம். நம் கருணையைத் திறக்கிற சாவி அவர்கள் கையில் இருக்கிறது.

நான்காவது வகை நமக்கெல்லாம் அன்றாடம் பழக்கமானது. அரட்டைப் பெட்டியில் வரும் மன்னிப்பு. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, பொருள் வரவில்லை. எழுதுகிறீர்கள். ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.’ பணம் எப்போது வரும் என்கிறீர்கள். ‘உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது.’ மனிதர் யாரிடமாவது பேசமுடியுமா என்கிறீர்கள். ‘தங்கள் பொறுமைக்கு நன்றி. கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.’ கீழ்க்கண்டவற்றில் உங்கள் பிரச்சினை இல்லை. முதல் படிக்கே திரும்ப வருகிறீர்கள். மறுபடி வருத்தம், மறுபடி நன்றி.

இதில் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவானது இல்லை. ஆனாலும் வெளியே வரும்போது அவமானப்பட்ட உணர்வு வருகிறது. காரணம் இருக்கிறது. மனிதர்களிடையே மன்னிப்பு என்பது ஒரு ஒப்புக்கொள்ளல். சொன்னவர் அதற்குக் கட்டுப்படுகிறார், தவறைச் சரிசெய்யவேண்டியவராகிறார். பெட்டியின் மன்னிப்புக்குப் பின்னால் கட்டுப்படுகிற ஆளே கிடையாது. பழைய அலுவலகத்தில் குமாஸ்தா எரிந்து விழுந்தாலும், மேலதிகாரியின் அறை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே பணிவான ஒரு சுவர். அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை, அதைத் தாண்டவும் முடியவில்லை.

இதன் மறுபுறத்தை நாம் பார்க்கத் தவறுகிறோம். எந்திரம் மனிதரைப் போலப் பேசக் கற்றுக்கொண்டிருக்கும் இதே காலத்தில், மனிதர்களை எந்திரம் போலப் பேச வைத்திருக்கிறோம். கால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு முன்னால் திரையில் வாக்கியங்கள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. எங்கே பேர் சொல்லவேண்டும், எங்கே வருந்தவேண்டும், எத்தனை நிமிடத்தில் முடிக்கவேண்டும் என்பதெல்லாம் விதி. அவர் குரலைக் கேட்டு நாம் எந்திரம் என்று நினைத்து எரிந்து விழுகிறோம். 2018 மே மாதம் கூகுள், டூப்ளெக்ஸ் என்ற தன் தயாரிப்பை மேடையில் அறிமுகம் செய்தது. அது ஒரு முடிதிருத்தகத்துக்குப் போன் போட்டு, நடுநடுவே ‘ம்ம்’ என்றெல்லாம் சொல்லி, நேரம் குறித்துக்கொண்டது. எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு எந்திரத்தோடு பேசுகிறோம் என்று தெரியவில்லை. அரங்கம் சிரித்தது. பிறகு கண்டனம் எழுந்தது. இனி அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்று கூகுள் சொல்லவேண்டி வந்தது. யாரும் அந்தப் பெண்ணிடம் மரியாதையின்றிப் பேசவில்லை. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அவருக்குத் தரவில்லை. அதுவே பெரிய மரியாதைக் குறைவு.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருள் விற்பதற்கோ, வாக்கைத் திருப்புவதற்கோ இணையத்தில் எந்திரத்தைப் பயன்படுத்தினால், தான் எந்திரம் என்பதை அது மறைக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்திலும், எந்திரத்தோடு பேசுகிறோம் என்பதை மனிதருக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்ற விதி உண்டு. எந்திரங்களுக்கான மரியாதை இலக்கணத்தின் முதல் சூத்திரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நீ யார் என்று சொல்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு என்னால் தெளிவாக விடை சொல்லமுடியும். எந்திரத்திடம் நாகரிகமாகப் பேசவேண்டுமா என்றால், பேசவேண்டும். எந்திரத்துக்காக இல்லை. எதிர்முனையில் இருப்பது யார் என்று நமக்கு நிச்சயமாகத் தெரியாத காலம் வந்துவிட்டது என்பதற்காக. இரண்டு தவறுகள் நடக்கலாம். எந்திரத்தை மனிதர் என்று நினைத்து நன்றி சொல்லிவிடலாம். நட்டம் கொஞ்சம் மின்சாரம். மனிதரை எந்திரம் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி பேசிவிடலாம்; நட்டம் ஓர் ஆளின் அன்றைய நாள். எட்டு மணி நேரம் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேர்! இரண்டு தவறும் ஒரே எடை இல்லை. சந்தேகத்தின் பலனை மனிதருக்குக் கொடுங்கள்.

எந்திரம்தான் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்? அங்கே உங்கள் விருப்பம். நன்றி சொல்வது உங்களுக்கு இயல்பாக வந்தால் சொல்லுங்கள். வராவிட்டால் குற்ற உணர்வு வேண்டாம். வசைபாடாதீர்கள், ஏனென்றால் வாய் உங்களுடையது. அதேபோல் அதன் பணிவை அன்பு என்றும், அதன் புகழ்ச்சியைத் தீர்ப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டுரையை அது பாராட்டினால், ‘இதில் என்ன குறை?’ என்று திருப்பிக் கேளுங்கள். குறை சொன்னால் மேலும் துருவுங்கள். சரி என்று உடனே பல்டி அடித்தால் அதை நம்பாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தாளர் சுஜாதாவின் ஜீனோவை உங்கள் பெற்றோர் படித்திருப்பார்கள். அவர் கதையில் வரும் பேசும் ரோபோ நாய். அதைத் தமிழ் வாசகர்கள் கொண்டாடியது, அது சொன்னபடியெல்லாம் கேட்டதால் இல்லை. கதாநாயகி நிலாவிடம் எதிர்த்துப் பேசியது, கிண்டல் செய்தது, தனக்குத் தோன்றியதைச் சொன்னது. உங்களில் சிலர் நாளை தமிழில் பேசும் எந்திரங்களை உருவாக்கப் போகிறீர்கள். வங்கிக்கு, மருத்துவமனைக்கு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவை போகும். எல்லோரையும் ‘நீங்கள்’ என்று அழைக்கும் எந்திரம் ஒரு விதத்தில் பெரிய காரியம்தான். அலுவலக வாசலில் ஒருமையில் விரட்டப்பட்ட பாட்டிக்கு அது முதல் முறையாகக் கிடைக்கும் மரியாதையாகக்கூட இருக்கலாம். அதை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் எந்திரம், தான் எந்திரம் என்பதை முதல் வரியிலேயே சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். பாட்டி சொன்னது தவறாக இருந்தால், தவறு என்று பக்குவமாகச் சொல்லட்டும். செய்ய அதிகாரம் இல்லாத காரியத்துக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்காமல், அதிகாரம் உள்ள மனிதரின் பெயரையும் எண்ணையும் கொடுக்கட்டும். இந்த நான்கும் இருந்தால், வாக்கியத்தின் கடைசியில் ‘உம்’ போட்டதா, ‘ங்கள்’ போட்டதா என்று பாட்டி கவலைப்படமாட்டார். இந்த நான்கும் இல்லாமல் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், வேலை முடியாமல்தான் அவர் வீட்டுக்குத் திரும்பவேண்டியிருக்கும்.